அரைமணி அண்ணன் ஊதிக் கொடுத்தது

அண்ணன் செத்துப்போன செய்தி வந்தபோது நான் மேடையில் அவரைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். விளக்கிச் சொன்னால் விநோதம் போய்விடும், அசிங்கம் மட்டும் மிஞ்சும்.

ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் பாதித் தூக்கத்தில் இருந்தது. டிரம்ஸ்காரன் ஒரு கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். கலைஞர்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள், அரைமணி காலமானார் என்று. என் வலது கை நிற்கவில்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் வரும் கிளாரினெட் பகுதியை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்து முடித்தேன். முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அதை வாங்கிக்கொண்டு தலையை வேறு ஆட்டினேன்.

நான் கீபோர்டுக்காரன். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவன் என்றும் சொல்லலாம். வேனுக்குச் சொல்வதும் காணாமல்போன வயரைத் தேடுவதும் நான்தான் என்பதால் சொல்கிறேன். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். அந்தக் குழுவில் பதினான்கு வருஷம் கிளாரினெட் வாசித்தவர் அண்ணன். எந்த நிகழ்ச்சியானாலும் அரை மணி முன்னதாக வந்து, காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து, மெதுவாக ஒரு மெட்டை வாசித்துக் கருவியைச் சூடு பண்ணிக்கொள்வார். அதனால் அரைமணி. கேலிக்கு வைத்த பேர்தான். மற்ற நாலு பேரும் அரை மணி தாமதமாக வருகிறவர்கள், கேலி செய்ய எங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

பெரிய வித்வான் என்று சொன்னால் அவரே சிரிப்பார். "நான் கூலிக்கு மூச்சு விடறவன்" என்பார். ஆனால் அந்தச் சத்தம் வேறு யாருக்கும் வரவில்லை. கீழ்ச் சுரங்களில் ஒரு கனம் இருக்கும், தொண்டையைச் செருமிக்கொண்டு நல்ல சேதி சொல்ல வருகிற மனுஷர் மாதிரி. பாடுகிறவர்கள் அவர் வாசித்து முடித்த இடத்தில் எடுக்கப் பயப்படுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவரை என் வீட்டுக்கு வரச்சொன்னேன். பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி மைக் வைத்திருந்தேன். கீழேயிருந்து மேலே வரைக்கும் ஒவ்வொரு சுரமாக, ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை அழுத்தியும் ஊதச் சொன்னேன். நாற்பது சுரம், எண்பது மூச்சு. சலிக்காமல் ஊதினார். அடுத்த வாரம் உட்கார்ந்து, சுரங்களை ஒன்றொன்றாக நறுக்கி, முன்னால் இருந்த மூச்சையும் பின்னால் இருந்த பேச்சையும் வெட்டி எறிந்துவிட்டு, என் கீபோர்டின் கட்டைகளில் வரிசையாக ஏற்றினேன். கட்டையை அமுக்கினால் அண்ணன் வருவார். எத்தனை வேகமாக வேண்டுமானாலும் வருவார். அரை மணி முன்னால் வரத் தேவையில்லை.

அப்புறம் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். ஒரேயடியாக இல்லை. இந்தத் தடவை மேடை சின்னதுண்ணே என்றேன். அடுத்த தடவையும் மேடை சின்னதாகவே இருந்தது. அந்த வருஷம் இருந்த மேடையெல்லாம் என் வாயில் விழுந்து சுருங்கிப்போயின. "சரிப்பா, பார்த்துப் பண்ணு" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன், இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.

நான் செய்தது திருட்டு. வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று ஆறு வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் அண்ணியின் தையல் மிஷின், காலால் மிதிக்கிற பழைய மிஷின். அண்ணி தையல்காரி; திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பார். மிஷினுக்கு எதிரே அண்ணனின் நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை, நானும் நின்றுகொண்டே இருந்தேன். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதாக அண்ணி சொன்னார். "நீயாவது உடம்பைப் பார்த்துக்கோ தம்பி" என்று வேறு சொன்னார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது மகள் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், ஒரே பிள்ளை.

"சித்தப்பா, ஞாயித்துக்கிழமை சங்கத்து ஹால்ல அப்பாவுக்குக் கூட்டம் வைக்கிறாங்க. அவர் வாசிச்சதைப் போடணும்னு எனக்கு ஆசை. எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

தேடி எடுத்ததைப் போனில் காட்டினாள். ஏழு கல்யாண வீடியோ. எல்லாவற்றிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள், கிளாரினெட் டிரம்ஸுக்கும் பாட்டுக்கும் அடியில் எங்கேயோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் கேட்டது. ஒன்றில் அண்ணனின் முழங்கை மட்டும் தெரிந்தது. வீட்டில் அவர் தினமும் வாசித்தார், ஆனால் தினமும் கேட்கிற சத்தத்தை யார் பதிவு பண்ணி வைப்பார்கள்? அவர் தனியாக வாசித்தது ஏதாவது உங்களிடம் இருக்குமே என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன்மா என்றேன்.

தேடுவதற்கு ஒன்றும் இல்லை. நறுக்காத முழுப் பதிவு என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஒரு மணி பதினொரு நிமிஷம். அண்ணனின் சுரம், அண்ணனின் மூச்சு, அண்ணனின் பேச்சு. அந்தப் பெண் கேட்டது அதைத்தான். அதை மட்டும் கொடுக்க முடியாது, ஏனென்றால் அதில் நானும் பேசுகிறேன்.

மறுநாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. அண்ணன் இருமுகிறார். நாலாவது நிமிஷத்தில் கேட்கிறார்: "ஏம்ப்பா, எதுக்கு இப்படி ஒண்ணொண்ணா? ஒரு பாட்டா வாசிச்சுடறேனே."

நான் சொல்கிறேன்: "புது மைக்குண்ணே. தனித்தனியா இருந்தாத்தான் உங்க சத்தம் எப்படி விழுதுன்னு பார்த்து மேடையில தூக்கி வைக்க முடியும். எல்லாம் உங்களுக்காகத்தான்."

நான் முடிப்பதற்குள் அவர் சிரிக்கிறார். "எனக்காக ஒருத்தன் இவ்வளவு மெனக்கெடறான் பாரு" என்கிறார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதற்கப்புறம் அவர் ஊதியதில் தனி அக்கறை தெரிகிறது. ஒரு சுரம் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், இதை அழிச்சிரு, நல்லதா ஒண்ணு தரேன் என்று மறுபடி ஊதுகிறார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் அப்படி. எல்லாம் முடிந்ததும், "இப்ப ஒரு பாட்டு வாசிக்கட்டுமா?" என்று கேட்கிறார். இடம் ரொம்பிடுச்சுண்ணே என்று சொல்லிவிட்டு நான் நிறுத்துகிறேன். இடம் எக்கச்சக்கமாக இருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் குரலை மட்டும் வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். அவருடைய சிரிப்பு என் "உங்களுக்காகத்தான்" மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்றை வெட்டினால் மற்றது போய்விடும். பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் சுரங்களை மட்டும் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பெண் விவரமானவள். அப்பா எதுக்கு உங்களுக்கு ஒவ்வொரு சுரமா ஊதிக் கொடுத்தாரு என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

ஆகவே நான் இன்னொன்று செய்தேன். கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசிப்பாரே அந்த மெட்டை, அவருடைய சுரங்களை வைத்தே, நாலு நிமிஷம் வாசித்துப் பதிவு பண்ணினேன். கொஞ்சம் இரைச்சல் கலந்தேன், பழசு என்று தோன்ற வேண்டுமே. தூரத்தில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம்கூடச் சேர்த்தேன். இதிலெல்லாம் எனக்குத் தொழில் சுத்தம் உண்டு. கேட்டுப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. அப்படி வந்ததற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் அழிக்கவில்லை.

மருந்துக் கடைக்குப் போய்க் கொடுத்தேன். பழைய ரிகர்சல்மா, எங்கேயோ கிடந்தது என்றேன். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்ததையும் பார்க்காமல் காதில் வைத்துக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டாள். "உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் சித்தப்பா" என்றாள். ஒண்ணும் வேண்டாம்மா என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஆமாம், பெருந்தன்மையாக.

சனிக்கிழமை காலையில் அண்ணி போன் பண்ணினார்.

"தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா?"

இருபது வருஷப் பழக்கத்தில் அண்ணி என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. கிளம்பும்போது மடிக்கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பை மூன்று நாளாக என் கூடவே அலைந்துகொண்டிருந்தது. கொடுக்கவும் துணிச்சல் இல்லை, வீட்டில் போட்டுவிட்டு வரவும் மனசு வரவில்லை.

அண்ணி மிஷினில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அன்று விடுமுறை, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. அண்ணி ஒரு நீளமான திரைச்சீலையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓரம் நேராகத் தைத்துக்கொண்டே போய், திரும்ப வேண்டிய மூலையில் திரும்பாமல், துணியைத் தாண்டி நூல் வெறுமனே தொங்கியது.

"அவரு அந்த நாற்காலியில உக்காந்து வாசிப்பாரு. நான் தைப்பேன். அவரு இழுக்கிற வரைக்கும் மிதிப்பேன், மூச்சு எடுக்கிற இடத்துல காலை நிறுத்தித் துணியைத் திருப்புவேன். முப்பது வருஷம். அவரு சொல்லியும் செய்யல, நானும் நினைச்சுச் செய்யல, காலுக்குப் பழகிப்போச்சு" என்றார் அண்ணி. "நீங்க குடுத்ததை நேத்துதான் போட்டுட்டு உக்காந்தேன். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நிறுத்த இடமே வரல. துணி தீந்துபோச்சு."

துணியை அண்ணி திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சத்தம் அவரோடது. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. வாசிச்சது யாரு?"

என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. கீபோர்டுக்காரனுக்கு மூச்சு எதற்கு? விரல் இருந்தால் போதும், நாளைக்காலை வரைக்கும் இழுத்துக்கொண்டே போகலாம். நாற்காலி இழுக்கிற சத்தம்வரை யோசித்துச் சேர்த்தவன், ஒரு மனுஷன் ஊதினால் நடுவில் மூச்சு எடுப்பான் என்பதை யோசிக்கவில்லை. அவர் பக்கத்தில் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மூச்சு எடுத்ததை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், போர்வை கட்டிய ஜன்னலிலிருந்து சின்ன மேடைகள் வரைக்கும். நடுநடுவே மன்னிச்சிடுங்கண்ணி என்று வந்தது, அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "மூணு நாளா பஸ்ல இதைத்தான் கேட்டுக்கிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நிஜமானது இருக்கு என்றேன். பையைத் திறந்து மடிக்கணினியைத் தையல் மிஷினின் பலகை மேலேயே வைத்தேன். முழுப் பதிவையும் போட்டேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. இருமல். அப்புறம் ஒரு மூச்சு, உள்ளே இழுக்கிற மூச்சு. அண்ணி இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்துக்கொண்டார். சுரம் வந்தபோது அவர் கால் மிதிபலகையில் தானாக அசைந்தது, அடுத்த மூச்சில் நின்றது. செத்த அன்றுகூட அந்த அம்மா அப்படி அழுதிருக்க மாட்டார். மகள் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது நிமிஷம் நெருங்கியது. என் கை சத்தத்தைக் குறைக்கப் போனது. யோசித்துப் போகவில்லை, ஆனால் போனது.

"கையை எடுங்க" என்றாள் மகள்.

எல்லாம் உங்களுக்காகத்தான் என்று என் குரல் அந்த அறையில் சொன்னது. அண்ணனின் சிரிப்பும் கேட்டது. எனக்காக ஒருத்தன் இவ்வளவு மெனக்கெடறான் பாரு என்றார். அந்த ஓர் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மகள் பதிவை நிறுத்தவில்லை. அது ஓட ஓடவே பேசினாள். "அந்த வருஷம்தான் அப்பா அம்மாவுக்குப் பட்டன் தைச்சுக் குடுக்க ஆரம்பிச்சாரு. விரலுக்கு ஏதாவது வேலை வேணும்னாரு. பள்ளிக்கூடச் சட்டைக்கு எத்தனை பட்டன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அவள் சொல்லவும் இல்லை.

"நாளைக்கு ஹால்ல இதைத்தான் போடணும். நீங்க பேசறதோட சேர்த்து."

சரிம்மா என்றேன். சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள், அதற்கப்புறம் எவன் என்னோடு மேடை ஏறுவான் என்ற கணக்கு மனசுக்குள் ஓடியது. அந்த நேரத்திலும் அது ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சரி என்றது நிஜமான சரிதான்.

பதிவு மேல்சுரங்களுக்கு வந்தது. ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனார் அண்ணன். திடீரென்று அண்ணி கையை உயர்த்தினார்.

"நிறுத்தும்மா. இந்தச் சுரம்தானா அது?" என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டார். மகளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. எதிர்வீட்டுப் பொண்ணு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தாரு. நீங்கதான் வாசிச்சீங்களாம். தூண் பக்கத்துல நின்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டு வந்தாரு. ரெண்டு நாள் வாயே திறக்கல. என்னன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் எங்கிட்டச் சொன்னாரு. இவகிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

எப்போது என்று கேட்டேன். அஞ்சு வருஷம் இருக்கும் என்றார். அவர் என்ன சொன்னார் என்பதையும் அண்ணியே சொன்னார்.

"'எல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு, மேல ஒரு சுரம் மட்டும் சுருதி எறங்கி நிக்குது, அன்னிக்கு நான் கவனிக்காம விட்டுட்டேன். நாலு பேர் கேக்கிற இடத்துல நான் அப்படி நிக்கக் கூடாது, போய் வேற ஒண்ணு ஊதிக் குடுத்துட்டு வந்துடறேன்'னாரு. குளிச்சு, கிளாரினெட்டுக்குப் புது ரீட் போட்டு, சட்டை மாத்திக்கிட்டு உக்காந்து உங்களுக்குப் போன் பண்ணாரு. மூணு தடவை பண்ணாரு."

அந்த மூன்று அழைப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாய்ப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுரம் எது என்று அண்ணி கேட்டாரே, அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் நிறுத்தச் சொன்ன சுரம் இல்லை, அதற்கு அடுத்தது. முதல் ஒரு வருஷம் வாசித்ததோடு சரி, அதற்கப்புறம் எந்தப் பாட்டிலும் அந்தக் கட்டையில் நான் விரல் வைத்ததில்லை. இந்த ஒண்ணுல மட்டும் அரைமணி கோட்டை விட்டுட்டாருடா என்று டிரம்ஸ்காரனிடம் குறை சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.